போணிக்கு வந்த உருண்டை

ராக்கெட்டின் உடைந்த பாகம் ஏதோ ஒன்று பூமியை நோக்கி வந்துகொண்டிருக்கிறது, எங்கே விழும் என்று சொல்ல முடியாது என்று தொலைக்காட்சியில் செய்தி வந்தால், எங்கள் வீட்டில் அண்ணன் எழுந்து வெளியே போய்விடுவார். செய்தி முடிந்த பிறகுதான் திரும்பி வருவார். எங்கே போனீர்கள் என்று மதினி கேட்க மாட்டார். நானும் கேட்பதில்லை. நான் கேட்காமல் விடும் விஷயங்கள் ரொம்பக் குறைவு என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் வீடு திண்டுக்கல் நாகல் நகரில் இருக்கிறது. கீழே அண்ணனின் பழைய இரும்புக் கடை, மேலே வீடு. நான் ஒரு மகளிர் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் காலமான பிறகு அண்ணன் வீட்டோடு வந்துவிட்டேன். வந்துவிட்டேன் என்பதைவிட, என்னைக் கேட்காமலே அண்ணன் என் பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைத்துவிட்டார் என்பதுதான் சரி. அவர் அப்படித்தான். பேச்சு குறைவு, செய்வது அதிகம். நான் அதற்கு நேர் எதிர்.

பழைய இரும்பு வியாபாரத்தில் வெளியாட்களுக்குப் புரியாத சில கட்டுப்பாடுகள் உண்டு. எங்கள் கடையில் அத்தா காலத்திலிருந்தே இரண்டு இருக்கின்றன. காலையில் போணிக்கு வரும் முதல் சரக்கை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. துருப்பிடித்த ஆணியாக இருந்தாலும் வாங்கித் தராசில் வைத்துவிட வேண்டும். அதை அன்றைக்கே லாரியில் ஏற்றவும் கூடாது, உள்ளே குவியலில் எறியவும் கூடாது. பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகை நேரம் வரும் வரை வாசல் மேடையில், போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். அப்போதுதான் நாள் முழுக்க வியாபாரம் நடக்குமாம். இன்னொன்று, தெரிந்த மனிதர் கொண்டுவந்த சரக்கை எங்கே கிடைத்தது என்று கேட்கக் கூடாது. முகம் தெரியாத ஆள் வந்தால் அண்ணன் துருவித் துருவிக் கேட்பார். தெரிந்தவரிடம் கேட்டால் அவரைத் திருடன் என்று சொல்வதற்குச் சமம் என்பார்.

இதற்காக நான் அவரோடு எத்தனையோ தடவை மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

"ஒரு வார்த்தை கேக்குறதுல என்னண்ணே கொறஞ்சு போகுது?"

"சரக்கு போனா வேற சரக்கு வரும்மா. ஆளு மனசு விட்டுப் போச்சுன்னா எங்கிட்டுப் போய் வாங்குறது?"

இதற்கு மேல் அவரிடம் பேச முடியாது. தராசைத் துடைக்கப் போய்விடுவார்.

அண்ணனுக்குத் தெரிந்த மனிதர்கள் என்றால் ஊர் பூராவும் உண்டு. ஆனால் சிநேகிதர் என்று சொன்னால் ஒருவர்தான். பழனிக்கு அந்தப் பக்கம் நெய்க்காரப்பட்டியில் கரும்புத் தோட்டம் வைத்திருப்பவர். கல்யாணத்துக்கு முன்னால் அண்ணன் மொபெட்டில் ஊர் ஊராகப் போய்ப் பழைய இரும்பு எடுத்துக்கொண்டிருந்த நாட்களில், ஒரு மழையில் வண்டி நின்றுபோய் அவருடைய தோட்டத்து மோட்டார் அறையில் ஒதுங்கியிருக்கிறார். காலையில் கிளம்பும்போது இருவரும் மச்சான் மாப்பிள்ளை ஆகிவிட்டிருந்தார்கள். இரண்டு பேரும் அறைக்குள் உட்கார்ந்து அப்படி என்னதான் பேசினார்கள் என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். மோட்டாரைப் பற்றி என்று மட்டும் அண்ணன் சொல்வார்.

அவர் தோட்டத்துக் கரும்பு ஆலையாடி முடிந்ததும் முதல் டின் நாட்டுச்சர்க்கரை எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். பெருநாளன்று அண்ணன் பிரியாணிச் சட்டியைத் துண்டில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பழனி பஸ்ஸில் போவார். பஸ் முழுக்க வாசனை பரவி, பக்கத்து சீட்டுக்காரர்கள் எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரிப்பார்களாம். பிறகு அவருடைய மகள் திண்டுக்கல்லில் வாக்கப்பட்டு வந்ததால், மகளைப் பார்க்க ஆம்னி வேனில் வரும்போதெல்லாம் கடைக்கு வந்து டீ குடித்துவிட்டுத்தான் போவார். பழைய சொட்டுநீர்க் குழாய், புகைந்துபோன மோட்டார்க் கம்பிச்சுருள் என்று ஏதாவது கையில் இருக்கும். வெறுங்கையோடு வந்தால் மரியாதை இல்லை என்று அவர் நினைப்பு.

"ஏனுங்க மச்சான், கடையில இருக்குற துருவப் பூராச் சொரண்டி வித்தீங்கன்னாவே ஒரு தோட்டம் வாங்கிப்போடலாமாட்ட இருக்குதுங்க."

"ஒன் தோட்டத்துல இருக்குற களைய வித்தாப் போதும் மாப்ள, நான் கடையவே மூடிட்டு ஒக்காந்து சாப்புடுவேன்."

இதைத் தாண்டி அவர்கள் பெரிதாக ஒன்றும் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் வந்துபோன அன்று அண்ணன் இரவு ஒரு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிடுவார். மதினி அதை என்னிடம் கண்ணால் காட்டிச் சிரிப்பார்.

அன்று காலை நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக் கீழே இறங்கும்போது ஆம்னி வந்து நின்றது. அவ்வளவு சீக்கிரம் அவர் வந்ததே இல்லை. பின்கதவைத் திறந்து ஒரு யூரியா சாக்கை இறக்கினார். சாக்குக்குள் ஓர் உருண்டை இருந்தது. ஒரு தவலை அளவு இருக்கும். மேலே கறுப்பாக நார் நாராகச் சுற்றியிருந்து, பாதி தீய்ந்து உரிந்து தொங்கியது. உரிந்த இடத்தில் உள்ளே சாம்பல் நிற உலோகம் தெரிந்தது. குடுமியை விட்டு உரித்த தேங்காயைக் கரியில் போட்டு எடுத்த மாதிரி இருந்தது.

"தோட்டத்துல கெடந்துச்சுங்க மச்சான். பாத்தாத்தான் பெருசு, பாரமில்லீங்க."

அண்ணன் சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்து வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. விரலால் சுண்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். "மில்லுல எதுக்காச்சும் வச்சிருந்த டேங்கா இருக்கும்" என்றார். திண்டுக்கல்லைச் சுற்றி நூல் மில்லுகள் இருப்பதால், பெயர் தெரியாத எந்தச் சாமானும் அவருக்கு மில்லுச் சாமான்தான்.

"உள்ள எங்காச்சும் ஓரமாப் போட்டு வையுங்க மச்சான்."

"போணிச் சரக்குய்யா. உள்ள போடக் கூடாது, ஒனக்குத் தெரியாதா?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சொல்லவில்லை. மதினி டீ கொண்டுவருவதற்குள், மகள் வீட்டுக்கு நேரமாச்சு என்று வண்டியை எடுத்துவிட்டார். டீ குடிக்காமல் அவர் போனது அதுதான் முதல் தடவை. அண்ணன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வண்டி போன பக்கத்தைப் பார்த்தார். கேட்கவில்லை. கேட்பது அவர் வழக்கத்தில் இல்லை. உருண்டையைத் தூக்கி வாசல் மேடையில், தெரு பார்க்க வைத்தார்.

பள்ளிக்கூடத்தில் அன்று யாரும் கணக்குப் போடுகிற நிலையில் இல்லை. முந்தின நாள் சாயங்காலம் பழனிப் பக்கத்து வானத்தில் பெரிய சத்தம் கேட்டதாம், நெருப்பு வால் போலப் போனதாம். பாலசமுத்திரத்தில் ஒரு மாட்டுக்கொட்டகையின் தகரத்தைப் பொத்துக்கொண்டு ஏதோ விழுந்திருக்கிறது. மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அது இனி பால் கறக்குமா என்று டிவிக்காரர்கள் மாட்டையும் மாட்டுக்காரரையும் மாறி மாறிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஒரு நாட்டு ராக்கெட்டின் மிச்சம் என்றும், இன்னும் சில பாகங்கள் விழுந்திருக்கலாம் என்றும், யாராவது கண்டெடுத்தால் தொடாமல் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும் என்றும் அறிவிப்பு வந்தது. எங்கள் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மைதானத்தில் கொளுத்துகிற வெயிலில் மேலே பார்த்தபடி குடை பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"டீச்சர், நம்ம தலையில விழுமா?"

"பூமியில முக்கால்வாசி கடல்மா. மிச்சத்துலயும் காடும் மலையும் போக, ஒந்தலை எம்புட்டு எடம்? போய் வாய்ப்பாட்ட எழுது" என்றேன். ரொம்பத் தைரியமாகத்தான் சொன்னேன். வாசல் மேடையில் இருந்த மில்லுச் சாமான் எனக்கு நினைவுக்கே வரவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அறிவியல் டீச்சர் தன் போனை என் முன்னால் நீட்டினார். எங்கள் கடை. வாசல் மேடையில் அந்த உருண்டை. அதற்குப் பக்கத்தில், ஒன்றும் தெரியாமல், கேமராவைப் பார்த்துப் பாதிச் சிரிப்போடு எங்கள் அண்ணன். அவருடைய தொப்பியும் தாடியும் நல்ல வெளிச்சத்தில் விழுந்திருந்தன. கீழே யாரோ ஒருவர் எழுதியிருந்ததை நான் இங்கே எழுத மாட்டேன்.

ஆட்டோ பிடித்து ஓடினேன். தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவு கூட்டம். காலையில் டிவியில் பாலசமுத்திரத்துச் சாமானைப் பார்த்த ஓர் ஆட்டோக்காரர், எங்கள் கடையைத் தாண்டும்போது இதையும் பார்த்து, படம் பிடித்துப் போட்டிருக்கிறார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை அவருக்கு. பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து அழுதார். ஆனால் படம் கையை விட்டுப் போன பிறகு அழுது என்ன?

கூட்டத்தில் பாதிப் பேர் செல்ஃபி எடுத்தார்கள். ஒருவர் கதிர்வீச்சு என்று சொல்லி மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். ஓர் அம்மா, ஒரு துண்டு உடைத்துக் கொடுத்தால் பூஜை அறையில் வைப்பேன் என்று அண்ணனிடம் கெஞ்சினார். பத்தடி தள்ளி நின்ற சில பையன்கள் வேறு மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குப் பழக்கமான, பல வருஷம் முகம் பார்த்துப் பேசிய சிலர்கூட அவர்களோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அண்ணன் கடைக்குள் போனைக் காதில் வைத்தபடி நின்றார்.

"யாருக்குண்ணே போன்? மொதல்ல போலீசுக்குச் சொல்லுங்க!"

"மாப்ளைக்குத்தான் அடிக்கிறேன். எடுக்க மாட்டேங்குறான். அவன்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுச் சொல்லுவோம்மா. செத்த நேரம் பொறு."

"காலையில கேட்டிருக்கணும்ல?"

"காலையில எப்புடிக் கேக்குறது?" என்றார். அந்த நிலையிலும் அவருக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

செத்த நேரம் பொறுத்தோம். அந்தச் செத்த நேரத்தில் போலீஸ் ஜீப் வந்துவிட்டது. நாமாகப் போய்ச் சொல்வதற்கும் அவர்களாக வந்து எடுப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது, அண்ணன் ஜீப்பில் ஏறியபோது தெருவில் நின்றவர்களின் முகத்தில் தெரிந்தது. மதினி மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். நான் ஜீப்புக்குப் பின்னாலேயே ஆட்டோவில் போனேன்.

காவல் நிலையத்தில் யாரும் எங்களை மரியாதைக் குறைவாக நடத்தவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். இன்ஸ்பெக்டர் அண்ணனுக்கு நாற்காலி போடச் சொன்னார். அவர் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்.

"பாய், இது உங்க கைக்கு எப்புடி வந்துச்சு?"

அண்ணன் வாய் திறப்பதற்குள் ஒரு போலீஸ்காரர் போனை எடுத்துக்கொண்டு வந்தார். நெய்க்காரப்பட்டியில் ஒரு கரும்புத் தோட்டத்துக்குள் பள்ளம் இருப்பதை யாரோ கண்டுபிடித்து டிவிக்காரர்களைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். திரையில் தோட்டத்துக்காரர் நின்றார். நம்முடைய மாப்பிள்ளைதான். மகள் வீட்டிலிருந்து திரும்பியிருக்கிறார் போல. அவருக்குப் பின்னால் ஆட்கள் கரும்பை மிதித்துக்கொண்டு உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார்கள். ஆலையாட நாள் குறித்து, வெட்டுக்கு நின்ற கரும்பு. விஷயம் வெளியே தெரிந்தால் இப்படித்தான் ஆகும், அதிகாரிகள் கயிறு கட்டித் தோட்டத்தை அடைத்துவிடுவார்கள் என்று பயந்துதான் விடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு எங்களிடம் ஓடிவந்திருக்கிறார் என்பது அந்தப் படத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. திண்டுக்கல்லில் அவர் நம்பி ஒப்படைக்க ஓர் ஆள்தான் இருந்தார்.

மைக்கை அவர் வாய்க்கு நேரே நீட்டி யாரோ கேட்டார்கள்.

"எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க" என்றார். தோளில் கிடந்த துண்டை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டே இருந்தார். "பழைய இரும்பு யாவாரிங்க ஒருத்தரு... வந்து எடுத்துட்டுப் போயிட்டாருங்க. நானுங்க அப்ப தோட்டத்துல இல்லீங்க."

மச்சான் என்று சொல்லவில்லை. பழைய இரும்பு யாவாரி.

நான் அண்ணனைத்தான் பார்த்தேன். அவர் படத்தை மறுபடியும் போடச் சொன்னார். போலீஸ்காரர் போட்டார். அந்த முறுக்கிய துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் வரும், வரட்டும் என்று காத்திருந்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு நெய்க்காரப்பட்டி வரை நடந்தே போயிருப்பேன்.

இன்ஸ்பெக்டர் மெதுவாகக் கேட்டார். "அவர் சொல்றது சரியா பாய்? நீங்களா எடுத்துட்டு வந்தீங்களா, இல்ல அவர் கொண்டாந்து குடுத்தாரா?"

"சரிதாங்க சார். நான்தான் எடுத்துட்டு வந்தேன்."

"அண்ணே!"

"அவரு தோட்டத்துல இல்ல. ஆளில்லாம கெடந்துச்சு. பழைய இரும்புன்னு எடுத்துக்கிட்டேன்."

"பொய் சார்" என்று கத்திவிட்டேன். "அந்தாளு வேன்ல கொண்டாந்து எறக்குனாரு. நான் என் கண்ணால பார்த்தேன்."

இன்ஸ்பெக்டர் என்னையும் பார்த்தார், அண்ணனையும் பார்த்தார். அவருடைய உத்தியோகத்தில், குற்றத்தை இன்னொருவர் மேல் தள்ளுபவர்களைப் பார்த்துப் பழகியிருப்பார். தன் மேல் இழுத்துப் போட்டுக்கொள்பவரை என்ன செய்வது என்று தெரியாமல் பேனாவை மூடி மூடித் திறந்தார்.

"தங்கச்சி அப்ப பள்ளிக்கூடம் போயிட்டா சார். அதுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் அண்ணன். என்னைப் பற்றி, என்னை வைத்துக்கொண்டே அவர் சொன்ன ஒரே பொய் அதுதான். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பவே இல்லை.

சாயங்காலம் விட்டுவிட்டார்கள். சில நாட்களில் எங்கிருந்தோ நிபுணர்கள் வந்து பார்த்தார்கள். ராக்கெட்டில் வாயு அடைத்து வைக்கும் தொட்டி, ஆபத்து இல்லை, காலியாகத்தான் இருக்கிறது என்று சொல்லி, பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். யார் மேலும் வழக்கு இல்லை. இன்ஸ்பெக்டர் அண்ணனைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த நெய்க்காரப்பட்டிக்காரருக்கும் இதே டீதான் கிடைத்திருக்கும். அதை நினைக்கும்போதுதான் வயிறு எரிகிறது. இரண்டு பேரும் இல்லாத பூதத்துக்குப் பயந்திருக்கிறார்கள்.

அந்த ராக்கெட்டை யார் ஏவினார்களோ, எந்த ஊரில் உட்கார்ந்து பட்டனைத் தட்டினார்களோ தெரியாது. வேலை முடிந்ததும் அதை அப்படியே விட்டுவிட்டார்கள், எப்படியும் கடலில் விழுந்துவிடும் என்ற நம்பிக்கையில். என் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் சொன்ன அதே கணக்குதான். மேலே சுற்றிய வரைக்கும் அதற்கு ஒரு பெயரும் எண்ணும் இருந்திருக்கும். கீழே விழுந்ததும் எங்கள் ஊர்க்காரர்கள் அதற்கு அண்ணன் பெயரை வைத்துவிட்டார்கள். வானத்திலிருந்து விழுந்ததைக்கூட பாய் விட்டுவைக்கவில்லை என்று டீக்கடையில் பேச்சு. கடையின் ஷட்டரில் ஒரு நாள் யாரோ சாக்பீஸால், 'வானத்துச் சரக்கு நல்ல விலைக்கு எடுக்கப்படும்' என்று எழுதியிருந்தார்கள். அண்ணன் படித்துவிட்டு, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சிரித்தார். நான் ஈரத்துணியால் அழித்தேன். தூரத்துக் கிராமங்களிலிருந்து வந்துகொண்டிருந்த சில வியாபாரிகள் வராமல் போனார்கள். ஊருக்கு ஒரு வாரத்தில் எல்லாம் மறந்துவிட்டது, வேறு செய்தி கிடைத்துவிட்டது.

அண்ணனுக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. அவர் காத்திருந்தார். ஆம்னி மாதிரி சத்தம் கேட்டால் தராசிலிருந்து தலையைத் தூக்குவார். ஆலையாடும் மாதம் வந்தது. சர்க்கரை டின் வரவில்லை. போன் போட்டால் மணி அடிக்கும், எடுக்க மாட்டார். மகளைப் பார்க்க அவர் ஊருக்கு வந்துபோவது எங்களுக்குத் தெரியும். வேறு தெரு வழியாகப் போனார். ஒரு தடவை மார்க்கெட்டில் நான் எதிரில் வருவதைப் பார்த்துவிட்டு, வாங்கிய காய்கறியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஒரு சந்துக்குள் புகுந்துவிட்டார். கூப்பிட்டிருப்பேன், ஆனால் அவர் போன வேகத்தைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. வயசான மனிதர் அப்படி ஓடக் கூடாது.

பெருநாள் முடிந்த மறுநாள் அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "நெய்க்காரப்பட்டி வரைக்கும் போயிட்டு வாரேன்" என்றார். தனியாக விட மனமில்லாமல் நானும் கிளம்பினேன். பஸ் ஒட்டன்சத்திரம் தாண்டும் வரை அண்ணன் டிக்கெட்டை மடித்துக்கொண்டே வந்தார். அதன் பிறகு, "நீ அங்க போய் ஒண்ணும் கேட்டுறாத" என்றார்.

"நான் என்ன கேக்கப் போறேன்?"

"ஒன் மூஞ்சியிலயே கேள்வி இருக்கு" என்றார்.

வீட்டு வாசலில் ஆம்னி நின்றது. கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய மனைவி எங்களைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிவந்தார்.

"வாங்கண்ணா, வாங்க டீச்சரம்மா. அவிய ஊர்ல இல்லீங்க. பொள்ளாச்சி வரைக்கும் போயிருக்காங்க."

சொல்லி முடிப்பதற்குள் உள்ளேயிருந்து ஓர் இருமல் கேட்டது. அந்த இருமலை எங்கள் தெருவே அறியும். அந்த அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. எனக்கு அந்த இடத்தை விட்டு எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது. அண்ணன் மட்டும் எதுவும் காதில் விழாதவர் போலக் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து மோர் கேட்டார். குடித்தார். இந்த வருஷம் கரும்பு எப்படி என்று கேட்டார். பரவாயில்லீங்க என்று சொல்ல ஆரம்பித்த அந்த அம்மா, பாதியில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார்.

"உங்க மொகத்துல முழிக்க முடியலீங்குறாங்கண்ணா. நீங்க அவியளக் காட்டிக் குடுத்திருந்தாக்கூடத் தேவலைங்குறாங்க. சோறே சரியாத் திங்கறதில்லீங்க."

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து உள்வாசலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அதற்கு மேல் ஓர் அடி வைக்கவில்லை.

"மாப்ள" என்றார் கொஞ்சம் உரக்க. "நான் ஒண்ணும் நெனைக்கலய்யா. சத்தியமா ஒண்ணும் நெனைக்கல. வந்துட்டுப் போய்யா."

உள்ளே அசைவில்லை. மோட்டார் சத்தம் மட்டும்தான். இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "வாரேன் தங்கச்சி" என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ஒரு கை இருந்தது. அண்ணன் திரும்பவில்லை, நானும் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாப்பில் வெயில் நன்றாக ஏறியிருந்தது. எனக்கு அவர் மேல் பரிதாபமும் கோபமும் கலந்து வந்தது. நல்லது செய்த மனிதருக்கு இப்படி வாசலில் நின்று கெஞ்ச வேண்டிய தலையெழுத்து ஏன் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

"நான் அன்னைக்கு உள்ளதச் சொல்லியிருக்கணும்மா" என்றார் அண்ணன், ரோட்டைப் பார்த்தபடி. "சொல்லியிருந்தா எம் மேல கோவப்பட்டிருப்பான். நாலு வசவு வைஞ்சிருப்பான். அடுத்த மாசமே வண்டிய எடுத்துக்கிட்டு சண்டை போடவாச்சும் வந்திருப்பான். நான் அவனக் காப்பாத்துறேன்னு கெடுத்துட்டேன்."

அன்று காவல் நிலையத்தில் உண்மையைக் கத்தியது நான்தான், ஆனால் அதை அப்போது சொல்லிக்காட்டும் அளவுக்கு எனக்கும் மனம் கல்லாகிவிடவில்லை. பழனி வழியாகத் திண்டுக்கல் போகும் பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தோம். ஜன்னல் ஓர இடத்தை எப்போதும் எனக்கு விட்டுக்கொடுப்பவர், அன்று தானே அங்கே போய் உட்கார்ந்து, திண்டுக்கல் வரும் வரை முகத்தை வெளியே திருப்பி வைத்துக்கொண்டார்.